கொரியன் உச்சரிப்பு: நிலாவும் முகமூடியும் ஒன்றாகவே வருகின்றன

கொரியன் தொடங்கி மூன்று மாதம், சுமார் 400 சொற்கள் தெரியும். த-வுக்கு நெருக்கமான ஒலி கொண்ட திகுத் (ㄷ), தியுத் (ㅌ), சாங்திகுத் (ㄸ) எழுத்துகளில் சிக்கல். முறையே இவற்றில் தொடங்கும் நிலா, முகமூடி, மகள் ஆகியவற்றுக்கான கொரியன் சொற்கள் மூன்றையும் தமிழில் எழுதினால் 'தல்'தான்.

மூச்சு எவ்வளவு வருகிறது என்று அறிய உதட்டின் முன் டிஷ்யூ தாள் பிடித்துப் பார்த்தேன். மகளுக்கு அசையவில்லை; 'பத்து'வின் த்த போல இறுக்கினால் சரியாக வருகிறது. நிலாவுக்கும் முகமூடிக்கும் தாள் ஒரே மாதிரி ஆடுகிறது. இன்றைய சியோல் பேச்சில் இவ்விரண்டையும் பிரிப்பது மூச்சைவிடச் சுருதிதான்: நிலா தாழ்ந்து, முகமூடி உயர்ந்து. 0.75 வேகத்தில் கேட்டால் காதுக்குப் பிடிபடுகிறது. என் குரலைப் பதிந்தால் இரண்டுமே உயர்ந்து தொடங்குகின்றன. சொல்லின் நடுவில் திகுத் 'பந்து'வின் து போல மெலிந்துவிடும், அங்கே குழப்பமில்லை.

சொல் முதலில் சுருதியைத் தாழ்த்திப் பழக எந்தப் பயிற்சி உங்களுக்குக் கைகொடுத்தது?