பகலில் வெக்கை, விடிந்தால் ஈரம்: வேனுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். பழைய டொல்பின் வேன் ஒன்றை உள்ளே படுக்கிற மாதிரி மாற்றியிருக்கிறேன். போன வாரம் வெலிமடைப் பக்கம் நிறுத்தினோம். மலைநாடு, குளிர்தானே என்று நினைத்தது பிழை. பகல் பதினொரு மணிக்கே கூரைத் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. முன் கண்ணாடிக்கு வெள்ளி அட்டையை உள்ளே வைத்திருந்தேன். வெளியே போர்த்தினால்தான் வெயில் கண்ணாடியைத் தாண்டாது என்று பிறகுதான் புரிந்தது.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே நேர்மாறு. இரவுக் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினோம். விடியும்போது மூன்று பேரின் மூச்சும் தண்ணீராகிக் கண்ணாடியில் வழிந்தது, மெத்தை அடியும் ஈரம். சரி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் சாரல், அப்புறம் நுளம்பு.

கூரையில் ஓட்டை போட்டு 12 வோல்ட் ஃபேன் பூட்ட யோசனை. 2 அம்பியர் இழுத்தால் எட்டு மணித்தியாலத்துக்கு 16 அம்பியர் மணி. தனிப் பற்றரி அதைத் தாங்கும். மழை ஒழுகாமல் எதை வைத்து அடைப்பது? ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது, உள்ளே வரக் கீழே எந்தப் பக்கம் வழி விடுவது? ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இதைச் செய்கிற டிங்கரிங் பாஸ் யாரையாவது தெரியுமா? நல்ல வேனில் ஓட்டை போடக் கை நடுங்குகிறது.