‘விற்கிறோம்’ என்று எழுதியது ‘விற்றோம்’ ஆனது எப்படி? ஸ்பானிய வினையில் ஓர் ஐயம்

கேள்வி (திருப்பூர்)

வணக்கம். பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஸ்பெயின் நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் மொழியிலேயே எழுதிப் பழகி வருகிறேன். சென்ற வாரம் ‘பருத்திப் பனியன்கள் விற்கிறோம்’ என்று சொல்வதாக எண்ணி ‘பெந்திமோஸ்’ என்று எழுதிவிட்டேன்; அவரோ, ‘சரக்கு முழுவதும் விற்றுவிட்டதா?’ என்று கேட்டிருக்கிறார். ‘அப்ரீர்’ (திறத்தல்) என்பதற்கு ‘அப்ரிமோஸ்’ சரியென்றால், ‘பெந்தேர்’ (விற்றல்) என்பதற்கு ‘பெந்திமோஸ்’ ஏன் தவறாகிறது? ஏனைய வடிவங்களில் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

மறுமொழி (கோவை)

ஏறத்தாழ ஒன்றுதான், அதனால்தான் வழுக்குகிறது. ஒழுங்கான வினைகள் ஆர், ஏர், ஈர் என்று முடியும். அந்த ஈற்றை நீக்கி விகுதி சேர்க்க வேண்டும். பெந்தோ (விற்கிறேன்), பெந்தேஸ் (விற்கிறாய்), பெந்தே (விற்கிறார்), பெந்தேமோஸ் (விற்கிறோம்), பெந்தேயிஸ் (விற்கிறீர்கள்), பெந்தென் (விற்கிறார்கள்). அப்ரீர் இதே தடத்தில் சென்று, அப்ரிமோஸ், அப்ரீஸ் என்னும் இரண்டு இடங்களில் மட்டும் பிரிகிறது.

நம் ‘விற்கிறோம்’, ‘விற்றோம்’ இரண்டிலும் ‘ஓம்’ மாறாமல் நிற்க, காலத்தை இடைநிலை காட்டுகிறது அல்லவா? அங்கே ‘மோஸ்’ மாறாமல் நிற்கிறது. பெந்தேர் வினையில் அதற்கு முன்னுள்ள ஒற்றை உயிரே காலத்தைச் சொல்கிறது. ஏகாரம் வந்தால் விற்கிறோம், இகரம் வந்தால் விற்றோம். வேடிக்கை என்னவென்றால், அப்ரிமோஸ் என்பது திறக்கிறோம், திறந்தோம் இரண்டுக்கும் பொது. கொம்ப்ராமோஸ் என்பதும் அப்படியே வாங்குகிறோம், வாங்கினோம் என இரு பொருளும் தரும். அந்த வினைகளில் பிழைக்கே இடமில்லை. நீங்கள் மாட்டிக்கொண்டது ஏர் வகையில்.

மறுமொழி (ஈரோடு)

ஒன்று சேர்க்கிறேன். சிறு பிள்ளையையும் ‘வாங்க’ என்றழைத்துப் பழகிய நமக்கு மரியாதை என்றாலே பன்மை விகுதிதான் கைக்கு வரும். ஸ்பானியத்தில் ‘உஸ்தெத்’ என்னும் மரியாதைச் சொல்லோ படர்க்கை ஒருமை வடிவத்தையே ஏற்கும்: ‘உஸ்தெத் கொம்ப்ரா’. ‘கொம்ப்ராயிஸ்’ என்பது ஸ்பெயினில் பழகிய பலரை ஒருங்கே விளிப்பது. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்தில் ‘உஸ்தேதெஸ் கொம்ப்ரான்’ என்பார்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றிங்க. ‘பெந்தேமோஸ்’ என்று திருத்தி அனுப்பிவிட்டேன். அதே மடலில் அவரைக் ‘கொம்ப்ராயிஸ்’ என்றும் விளித்திருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். அதையும் மாற்றி எழுதுகிறேன்.