கலிபோர்னியா ஒயின் ஆலைகளும் சிஆர்வி கணக்கும்: எங்கே இடறுகிறது? (அனுபவப் பகிர்வு)

லோடி_கணக்கர்
சிஆர்வி என்பது பாட்டில் டெபாசிட்: விற்கும்போது வசூலித்து, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் தொகை. பீர், சோடாக்காரர்களுக்கு 1987 முதலே பழகிப்போன விஷயம் இது. ஒயினும் ஸ்பிரிட்ஸும் எஸ்பி 1013 சட்டம் வழியாக 2024 ஜனவரி 1 முதல்தான் உள்ளே வந்தன. கட்டண விகிதத்தில் குழப்பம் இல்லை: 24 அவுன்ஸுக்குக் கீழே 5 சென்ட், 24-ம் அதற்கு மேலும் 10 சென்ட். பெட்டி, பை, பவுச் என்றால் அளவு எதுவானாலும் 25 சென்ட்.

750 மி.லி. பாட்டில் 25.4 அவுன்ஸ், ஆகவே 10 சென்ட். 375 மி.லி. அரை பாட்டிலுக்கு 5 சென்ட். கோட்டுக்கு அருகில் நிற்கும் அளவுகளில்தான் தப்பு நடக்கிறது. 24 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 710 மி.லி. 700 மி.லி. அதற்குக் கீழே, 720 மி.லி. அதற்கு மேலே. "எல்லாம் முழு பாட்டில்தானே" என்று பில்லிங் மென்பொருளில் ஒரே குறியீட்டில் போட்டால் வருஷக் கடைசியில் கணக்கு இடிக்கும்.

நாபா_பின்கதவு
யார் கட்டுவது என்பதுதான் இதில் முக்கால் பங்கு. கால்ரீசைக்கிளுக்கு (மாநிலத்தின் மறுசுழற்சித் துறை) சிஆர்வி கட்டும் பொறுப்பு விநியோகஸ்தருடையது. மறுசுழற்சிச் செலவுக்கான பிராசஸிங் கட்டணம் தயாரிப்பாளர் தலையில். ஆனால் சொந்த டேஸ்டிங் ரூமிலோ, ஒயின் கிளப்பிலோ, உணவகத்துக்கு நேரடியாகவோ விற்கும் ஆலை, அந்த பாட்டில்களுக்குத் தானே விநியோகஸ்தர். இரண்டு வேடத்துக்கும் பதிவு வேண்டும். அறிக்கை தாக்கல் எல்லாம் அந்தத் துறையின் டோரிஸ் இணையதளத்தில்.

உதாரணத்துக்கு, நேரடி விற்பனை 1,000 கேஸ். 12,000 பாட்டில், 1,200 டாலர். நிர்வாகச் செலவுக்கென விநியோகஸ்தர் 1.5% கழித்துக்கொள்ளலாம், 18 டாலர் போக 1,182 கட்டினால் போதும். விற்ற மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். வருஷத்துக்கு 75,000 டாலருக்குக் கீழே வரும் என்றால், விண்ணப்பித்து வருஷத்துக்கு ஒரே முறை கட்டலாம். கணக்குப் போட்டால் அது 62,500 கேஸ்! குடும்ப ஆலைகள் மாதாமாதம் மல்லுக்கட்ட அவசியமே இல்லை.

வேறு விநியோகஸ்தருக்குப் போன சரக்கை உங்கள் அறிக்கையிலும் சேர்த்தால் ஒரே பாட்டிலுக்கு இரண்டு தரம் பணம் போகும். விற்பனை வழி ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வைப்பதுதான் வழி. அடுத்தவர் ஆலையில் ஒயின் செய்துகொள்ளும் கஸ்டம் கிரஷ் ஆட்களுக்கு இன்னொரு தலைவலி: பாட்டிலில் அடைத்தவர் ஒருவர், பிராண்ட் இன்னொருவருடையது. யார் பதிவு செய்து கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் இருவரும் கட்டுவார்கள், இல்லையென்றால் இருவருமே கட்டமாட்டார்கள்.

மதுரை_டு_சோனோமா
நம்மூர் டாஸ்மாக்கில் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, அதே மாதிரியா சார்?

நாபா_பின்கதவு
அங்கே கடைதான் வாங்குகிறது, கடைதான் திருப்பித் தருகிறது. இங்கே பணம் மாநில நிதிக்குப் போய்விடும். வாடிக்கையாளர் மறுசுழற்சி மையத்தில் வாங்கிக்கொள்வார். ஆலைக்குக் காலி பாட்டில் திரும்பி வராது, அறிக்கைத் தாள்கள்தான் வரும்.

பேசோ_லேபிள்
லேபிள் பக்கம் வருகிறேன். 2025 ஜூலை 1 முதல் 'சிஏ சிஆர்வி', 'கலிபோர்னியா ரிடெம்ப்ஷன் வேல்யூ' போன்ற அனுமதிக்கப்பட்ட வாசகங்களில் ஒன்று கட்டாயம். கண்ணாடியில் எழுத்து உயரம் குறைந்தது 3/16 அங்குலம், பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். கிரீம் தாளில் வெளிர் தங்க ஃபாயில் அழகுதான், ஆனால் இந்த வாசகத்துக்கு வேண்டாம். டெபாசிட் வாசகம் சேர்க்க மட்டும் என்றால் டிடிபி-யிடம் (மத்திய மது ஒழுங்குமுறை அமைப்பு) புதிதாக லேபிள் ஒப்புதல் வாங்கத் தேவையில்லை.

தனி ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் ஈரம் தாங்கும் தாள், பசை கேளுங்கள். சாதாரணத் தாள் ஐஸ் வாளியில் பத்து நிமிஷத்தில் சுருண்டுவிடும்.

2024-க்கு முன் நிரப்பி, லேபிளும் ஒட்டிய பாட்டில்களுக்கு இந்த வாசகம் வேண்டாம். நிரப்பி, 'லேபிளும்' ஒட்டி. இரண்டும் முடிந்திருக்க வேண்டும். 2023-ல் அடைத்து லேபிள் இல்லாமல் அடுக்கி வைத்த ஷைனர்கள் தப்பாது. நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயினில் இது இன்னும் மோசம்: 2021-ல் டிராஜுக்கு (பாட்டிலுக்குள் இரண்டாவது நொதித்தல்) அடைத்தது, டிஸ்கார்ஜ் செய்து (வண்டலை வெளியேற்றி) லேபிள் ஒட்டியது 2025. விலக்கு கிடையாது. லேபிளிங் நாளைக் காட்டும் பதிவேட்டை லாட் எண்ணோடு வைத்திருங்கள்.

லோடி_கணக்கர்
கூடவே ஒன்று: விலக்கு வாசகத்துக்கு மட்டும்தான், பணத்துக்கு இல்லை. பழைய ஒயின் சேமிக்கும் லைப்ரரி அறையிலிருந்து 2009 கேபர்னே சிவப்பு ஒயினை எடுத்து இப்போது விற்றாலும் 10 சென்ட் உண்டு.

ரசீதில் சிஆர்வியைத் தனி வரிசையாக, அந்தப் பெயரிலேயே காட்டுங்கள். 'பாட்டில் ஃபீ', 'கிரீன் சார்ஜ்' என்று சொந்தமாகப் பெயர் வைக்கக் கூடாது. ஒயினுக்கு விற்பனை வரி உண்டு என்பதால் அந்த 10 சென்டுக்கும் வரி உண்டு. 30 டாலர் பாட்டிலுக்கு வரி 30.10 மீது. கடையில் பில் போடும் பல பிஓஎஸ் அமைப்புகளில் இந்த சிஆர்வி தொகையை 'டெபாசிட், வரியற்றது' என்று போட்டுவிடுகிறார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

ரெனோ_ஷிப்பிங்
வெளி மாநிலம்: பார்க்க வேண்டியது டெலிவரி முகவரி, பில்லிங் முகவரி அல்ல. நெவாடாவுக்கு அனுப்பினால் சிஆர்வி இல்லை. அதே நெவாடாக்காரர் டேஸ்டிங் ரூமில் கையில் வாங்கிப் போனால் உண்டு. வெளி மாநில ஆலை கலிபோர்னியா வாடிக்கையாளருக்கு நேரடியாக அனுப்பினால் அந்த ஆலையும் பதிவு செய்ய வேண்டும்.

கேன் ஒயின் ஒரிகனுக்குப் போகிறதா? அங்கே 2025 ஜூலை 1 முதல் கேனுக்கு 10 சென்ட். கண்ணாடி ஒயின் பாட்டிலுக்கு இல்லை. மெய்னில் ஒயினுக்கு 15 சென்ட், ஐயோவாவில் 5. ஒரே கேன் வடிவமைப்பு எல்லா மாநிலத்துக்கும் போகும் என்றால் எல்லா வாசகத்துக்கும் இப்போதே இடம் விட்டு வரையுங்கள்.

பேசோ_லேபிள்
பாட்டிலிங் லைனில் உடைந்தது, தரக்குறைவென்று ஒதுக்கியது எதையும் மறுசுழற்சி மையத்தில் கொடுத்து சிஆர்வி வாங்கக் கூடாது. அவற்றுக்கு யாரும் டெபாசிட் கட்டவே இல்லை, சட்டப்படி மோசடி. கலெட் (உடைந்த கண்ணாடி) வாங்குபவருக்குத் தனியாக அனுப்புங்கள், தொட்டியில் 'லைன் உடைசல்' என்று பெரிதாக எழுதியும் வையுங்கள். ஊழியர்கள் நல்லெண்ணத்தில் மையத்துக்கு ஏற்றிவிடுவது சகஜம்.