புதுப்பிப்பு: சேலத்திலிருந்து கோடியக்கரை போய் வந்தாச்சு

கடலோரக் காட்டில் நடக்கவும் கூடாரம் போட்டுத் தங்கவும் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி, நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் வனவிலங்கு சரணாலயம் இருக்கும் கோடியக்கரைக்குப் போனோம்.

கூடாரம் நடக்கவில்லை. சரணாலயத்துக்குள் நம் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. வனத்துறை விடுதிக்கு முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள்.

நடையைப் பற்றிச் சொன்னால் ஏற்காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். கோடியக்கரையில் உயரமான இடமே இராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான், சில மீட்டர் உயரம். ஆனால் மணலில் நடந்து பாருங்கள், ஏற்காட்டு உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு ஏறுவதே தேவலை என்று கெண்டைக்கால் சொல்லும்.

வெளிமான்தான் போனதற்குப் பலன். 1967-இல் சரணாலயம் அறிவித்ததே முக்கியமாக அதற்காகத்தான். காட்டுக்குள் தேடவே வேண்டாம், புல்வெளியில் கூட்டமாக மேய்கின்றன. முறுக்கிய கொம்போடு கருத்திருப்பது கடா. கொம்பில்லாத பழுப்பு நிறம் பெட்டை. பக்கத்திலேயே மட்டக் குதிரைகள். என் மகளுக்கு அவற்றைத்தான் பிடித்தது. பார்க்க அழகு, சரி, ஆனால் மானுக்கான புல்லை அவையும்தான் தின்கின்றன.

பூநாரை (ஃபிளமிங்கோ) பற்றிக் கேட்டவர்களுக்கு: மழை ஓய்ந்தபின், டிசம்பர், ஜனவரி வாக்கில் போங்கள். உப்பளப் பக்கம் தூரத்தில்தான் நிற்கும், பைனாகுலர் கட்டாயம்.

அப்புறம், அடுத்து மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. மண்டபம் பக்கம் போனவர்கள் படகு விவரம் சொல்லுங்களேன்.