மணலில் முட்டையிடும் ஆலாக்கள்: பார்த்தவர்கள் சொல்வது

தங்கச்சிமடத்திலிருந்து:

போன கோடையில் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைப் பக்கம் வண்டித் தடத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். சின்ன ஆலா என்னும் கடற்பறவை ஒன்று தலைக்கு மேலே வந்து கத்தியது. விலகிப் போனாலும் விடவில்லை, இறங்கி இறங்கி மிரட்டியது. அப்படியே நின்று காலடியைப் பார்த்தேன். இரண்டு டயர் தடங்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிவு, அதில் இரண்டு முட்டை. மணல் நிறத்தில் பழுப்புப் புள்ளிகள். சுள்ளி, புல் எதுவும் இல்லை. பக்கத்தில் நாலைந்து சிப்பித் துண்டு கிடந்தது. கூடு என்றால் அவ்வளவுதான்.

வந்த தடத்திலேயே பின்வாங்கித் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆலா வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்தது. அந்த வெயிலில் அது அமர்வது முட்டைக்குச் சூடு கொடுக்க இல்லை, குளிர்ச்சி கொடுக்க. நாம் பக்கத்தில் நின்றால் பறவை இறங்காது, கொதிக்கிற மணலில் கரு செத்துப்போகும். படம் எடுக்கிறேன் என்று நிற்கிற நேரமே போதும். அப்புறம் நாய்கள். கரையில் கொட்டும் மீன் கழிவைத் தின்று பெருகி, ராத்திரியில் மணல் முழுக்க மோப்பம் பிடித்துத் திரிகின்றன. கழிவைக் கொட்டாமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும் என்று நம்புகிறேன்.

தலைமன்னாரிலிருந்து:

ராமர் பாலத்தில் எங்கள் இலங்கைப் பக்கத்து மணல் திட்டுகள் 2015 முதல் தேசியப் பூங்கா. அதற்கு வெகு முன்பே, முட்டைக் காலத்தில் படகை அங்கே அணைக்க எங்கள் ஐயா விடமாட்டார். ஆலா விழுகிற இடத்தில் சூடை மீன் நிற்கும், மீனைக் காட்டித் தருகிற பறவையைக் கலைக்கக் கூடாது என்பார். ஒரு திட்டில் ஆள் இறங்கினால் கூட்டம் வேறு திட்டுக்குப் போகும், அது இந்தியப் பக்கமாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு கரைக்காரரும் அந்த மாதங்களில் ஒதுங்கியிருந்தால்தான் பலன்.

ராமநாதபுரத்திலிருந்து:

நான் பார்த்தது வலசைக் காலத்தில். தனுஷ்கோடி உப்பங்கழியில் தண்ணீர் ஏறினால் சேறு மூழ்கிவிடும். சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் மிச்சமிருக்கும் மேட்டு மணலில் நெருக்கியடித்து ஒற்றைக் காலில் தூங்கும். பங்குனியில் சிலவற்றின் வயிறு செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும், சைபீரியாவுக்குக் கிளம்பத் தயாராகின்றன என்று அர்த்தம். சேர்த்துவைத்த கொழுப்பில்தான் அந்தப் பயணம். அப்போது யாரோ ட்ரோன் பறக்கவிட்டு மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்டார்கள். அடங்கி உட்கார்ந்ததும் மறுபடி. எனக்கு வயிறு எரிந்தது.

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 2025-இல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயமும் வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் கரையில் நிற்கிற ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் எத்தனை வண்டியை மறிப்பார்?

தங்கச்சிமடத்திலிருந்து மறுபடி:

குடும்பத்தோடு எங்கே நின்று பார்க்கலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கோதண்டராமர் கோவில் போகும் சாலையோரம் சரியான இடம். பூநாரை வந்திருக்கும் சமயமென்றால் காலை வெளிச்சத்தில் அங்கிருந்தே தெரியும். பைனாகுலர் கொண்டு வாருங்கள், தண்ணீர்ப் பக்கம் இறங்க வேண்டாம்.