கலைச்சொல் வேண்டல்: வேலை விண்ணப்பத்தின் ‘கவரிங் லெட்டர்’

தொகுப்பாளர்:

வணக்கம். வேலைவாய்ப்புச் சொற்பட்டியலில் ‘கவரிங் லெட்டர்’ இன்னும் இழுபறியில் இருக்கிறது. ‘ரெஸ்யூமே’க்குத் தன்விவரம் என்று முன்பே முடித்துவிட்டோம். அதனோடு சேர்ந்து போகும் கடிதத்துக்கு முகப்புக் கடிதம், உறைக் கடிதம், அறிமுகக் கடிதம், இணைப்புக் கடிதம் என்று நான்கு சொற்கள் புழங்குகின்றன. ‘உறைக் கடிதம்’ எனக்கு உடன்பாடில்லை. இங்கே ‘கவர்’ தபால் உறையைக் குறிக்கவில்லை. உள்ளே வைத்த தாள்கள் எவை, எதற்காக வந்தன என்று சொல்லும் மேல்தாள் அது.

மொழிபெயர்ப்பாளர்:

> ‘உறைக் கடிதம்’ எனக்கு உடன்பாடில்லை

எனக்கும் இல்லை. ‘அறிமுகக் கடிதம்’ கூட ஆகாது. ஒருவரை நன்கு அறிந்தவர் மூன்றாமவருக்கு எழுதித் தருவதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. ‘இணைப்பு’ மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பையும் குறிக்கும், வலைச்சுட்டியையும் குறிக்கும். ‘இணைப்புக் கடிதத்தை இணைப்பில் காண்க’ என்று எழுத வேண்டிவரும்.

பிரெஞ்சில் இதை ‘லெத்ர் தெ மோத்திவாசியோன்’ என்கிறார்கள்: ஏன் விரும்புகிறேன் என்று சொல்லும் கடிதம். ஸ்பானியத்தில் தன்னை முன்வைக்கும் கடிதம். ஜெர்மனில் ‘ஆன்ஷ்ரைபன்’, அதாவது ஒருவரை நோக்கி எழுதியது. ஒவ்வொருவரும் கடிதத்தின் ஏதோ ஒரு வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் எதைப் பார்த்து வைப்பது? ஆள்தேர்வில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

ஆள்தேர்வாளர்:

விளம்பரம் கேட்பதையும் தன்விவரத்தில் இருப்பதையும் முடிச்சுப் போடுவதுதான் அதன் வேலை. தன்விவரம் பத்து இடங்களுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே போகலாம். இந்தக் கடிதம் அப்படிப் போனால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

எழுதும் முறையைச் சொல்கிறேன், பெயர் அதிலிருந்து வரட்டும். விளம்பரத்தில் ‘கட்டாயம்’ என்று இருப்பவற்றை அடிக்கோடிட்டு, அவற்றில் உங்களிடம் வலுவாக உள்ள இரண்டை, மிஞ்சினால் மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. ‘வாடிக்கையாளர் புகார்களைத் திறம்படக் கையாண்டேன்’ என்பது சான்று ஆகாது. ‘நாளொன்றுக்கு 40 புகார்கள் வந்தன, வகை பிரிக்கும் படிவம் ஒன்றைக் கொண்டுவந்ததால் 3 நாளில் போன பதில் 1 நாளில் போனது’ என்பது சான்று. எவ்வளவு, என்ன செய்தீர்கள், என்ன மாறியது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

முதல் பத்தியில் பதவியின் பெயர், விளம்பரக் குறிப்பு எண், உங்கள் வலுவான காரணம். ‘இக்கடிதம் வாயிலாக விண்ணப்பிக்க விரும்புகிறேன்’ என்பது இடத்தை அடைக்கும். விண்ணப்பம் கையில் இருப்பவருக்கு அது தெரியாதா? நடுவில் சான்றுகள். அடுத்து, இந்த நிறுவனம் ஏன். அந்தப் பத்தியில் வேறொரு நிறுவனத்தின் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வாக்கியம் செல்லுபடியானால் அடித்துவிடுங்கள். கடைசியில் எப்போது சேர முடியும், எப்படித் தொடர்புகொள்வது. 250 முதல் 400 சொல்லுக்குள், ஒரு பக்கத்தைத் தாண்டாமல். எதிர்பார்க்கும் சம்பளத்தை, விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

கெடுவது பெரும்பாலும் பழைய கோப்பின் மேலேயே திருத்தி எழுதுவதால். போன நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒளிந்திருக்கும். பெயர்கள் வரும் இடத்தில் அடைப்புக்குறியோடு வெற்றிடம் விட்ட வார்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, அனுப்புமுன் அடைப்புக்குறியைத் தேடிப் பார்த்தால் தப்பலாம். இன்னொன்று, ‘அனுபவம் இல்லாவிட்டாலும்’ என்று மன்னிப்போடு தொடங்குவது. படிப்பவர் கவனிக்காத குறையை நாமே விரல் நீட்டிக் காட்டுகிறோம். வேலையில் இடைவெளி இருந்தால் காரணம் ஒரு வரி போதும்.

இலக்கண ஆர்வலர்:

இப்படிப் பார்த்தால் இது பாயிரம் அல்லவா? நூலுக்குள் இருப்பதையே திருப்பிச் சொல்லாமல், கேட்போர் யார், பயன் என்ன என்று சொல்வது பாயிரம். நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எண்ணும் எட்டில் இவ்விரண்டும் உண்டு. பாயிரத்துக்கு அது தரும் பெயர்களில் முதலாவது ‘முகவுரை’.

அதைவிடப் பொருத்தம், தற்புகழ்ச்சி பற்றிய விதி. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, நன்னூல் நான்கு விலக்குகள் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும் தன் ஆற்றலை அறியாதவரிடத்திலும் புகழலாம் என்பவை முதல் இரண்டு. வேலை விண்ணப்பம் இரண்டிலும் அடங்கும்! ஆகவே ‘முகவுரை மடல்’ என்போம். ‘முகமடல்’ என்று சுருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:

> ‘முகமடல்’ என்று சுருக்கலாம்

முகநூலில் வரும் செய்தி என்று நினைப்பார்கள். ‘முகவுரை மடல்’ என்றே வைப்போம். இணையப் படிவத்தின் பொத்தானில் இடம் போதாவிட்டால் ‘தன்விவரம்’, ‘முகவுரை’ என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டாலே புரியும். (‘மடல் வேண்டாம், வேலை கிடைக்காதவர் மடலேறுவார்’ என்று யாரும் கிளம்பாமல் இருக்க வேண்டும்.)

ஆள்தேர்வாளர்:

எனக்குச் சம்மதம். ஒரு திருத்தம்: பத்திரங்களையோ பட்டியலையோ அனுப்பும்போது மேலே வைக்கும் நாலு வரிக் கடிதத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அங்கே வாதாட எதுவும் இல்லை, ‘முகவுரை’ பொருந்தாது. மின்னஞ்சலிலும் அப்படியே: முகவுரையைத் தனிக் கோப்பாக அனுப்பினால் அஞ்சலின் உடலில் அதையே மறுபடி ஒட்டக் கூடாது, என்ன பதவி, எந்தெந்தக் கோப்புகள் என்று மூன்று வரி போதும். தனிக் கோப்பு கேட்காவிட்டால் அஞ்சலின் உடலே முகவுரை, அதையும் 150 சொல் அளவுக்குச் சுருக்கி எழுத வேண்டும்.

தொகுப்பாளர்:

பிரித்தே பதிகிறேன்.

உடன்மடல்: ஆவணங்களோடு சேர்த்து அனுப்பப்படும், அவை எவை என்று குறிக்கும் சிறு கடிதம்.

முகவுரை மடல்: வேலை கேட்பவர், பதவிக்குரிய தேவைகளுக்குத் தன் சான்றுகளைப் பொருத்திக் காட்டி, தன்விவரத்தோடு அனுப்பும் ஒரு பக்கக் கடிதம். சுருக்கம்: முகவுரை. ‘முகப்புக் கடிதம்’ புழக்கத்தில் இருப்பதால் மாற்றுச் சொல்லாக அடுத்த வரியில் இருக்கும்.

மறுப்பு இருந்தால் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.