அவசரமில்லாமல் பரிசு வாங்க வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்ற வருடம் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, கண்ணில் பட்டதையெல்லாம் இணையத்தில் வாங்கிக் குவித்தேன். கொடுத்ததில் பாதியை யாரும் பயன்படுத்தவே இல்லை. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

இந்த முறை முன்கூட்டியே பட்டியல் போட்டு, பக்கத்தில் இருக்கும் கைவினைஞர்களிடமே வாங்கப் போகிறேன். ஜிகினாத் தாளும் வேண்டாம். கசக்கிவிட்டால் தானாகவே விரிந்துகொள்ளும் தாளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம் இருக்கும். அதை மறுசுழற்சிக்கு எடுப்பதில்லை. பழைய துணியில்தான் சுற்றப் போகிறேன்.

சரி, என் சந்தேகம் இதுதான். 'கையால் செய்தது' என்று சொல்லி விற்கும் பொருள் உண்மையிலேயே அப்படித்தானா என்று விற்பவர் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? அப்புறம், பரிசுகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிப் பேச்செடுத்தீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.